முகம் தெரியாத குரலுக்கு எழாதவர்

விழுப்புரம் போகும் பேருந்து கூட்டேரிப்பட்டில் நின்றபோது ஸ்டெல்லா அக்காவின் தம்பி அந்தோணி போன் செய்தான். "அக்கா பூடுச்சிண்ணா" என்றான். அக்காவுக்கு நெஞ்சு வலி என்று காலையில் அவன் சொன்னதால், அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் ஒன்பது வருடம் நான் கடலை மூட்டையின் எடையைச் சொல்ல, அவர் சீட்டு எழுதினார். மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே எழுதினார். நான் எண்ணைச் சொன்னதும் நிமிர்ந்து என் வாயைப் பார்ப்பார். இன்னொரு முறை சொன்ன பிறகுதான் பேனா நகரும். "ஜல்தி எழுதுக்கா, லாரி நிக்குது" என்று மூட்டை தூக்குபவர்கள் பேஜார் பண்ணுவார்கள். "வாய் அசைஞ்சாத்தான் ஆளு. அசையலன்னா அது எந்தலைக்குள்ளாற கீது" என்பார். அவர் எழுதிய எடையில் பிழை வந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் யாரோ அவர் பேச்சைக் கைபேசியில் பதிந்து அவருக்கே போட்டுக் காட்டினார்கள். "யாரு இந்தப் பொம்பள?" என்று கேட்டார். மண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். டீக்கடையில் என்னிடம் மட்டும் சொன்னார்: "நான் மனசுல நெனைக்கறதே எவளோ பக்கத்துல குந்திக்கினு சொல்றா மாதிரி கேக்குது தம்பி. எங்குரல் எனக்கே தெரியல. இதுல சிரிக்க இன்னா இருக்குது?" அன்று மண்டியில் சிரித்தவர்களே, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நன்றாகப் படியுங்கள்.

அந்த வருட மழைக்காலத்தில், ஏதோ குரல் கூப்பிட்டதென்று எழுந்து போனவரை நெடுஞ்சாலை நடுவிலிருந்து இழுத்து வந்தேன். பயத்தில் கத்தினேன். "ஆளு முன்னாடி வந்து நின்னு கூப்ட்டாத்தான் எந்திரிக்கணும். யாரு கூப்ட்டாலும் சரி. சத்தியம் பண்ணுங்க." கர்த்தர் மேல் சத்தியம் செய்தார். அதன் பிறகு முதலாளிகூட முகத்துக்கு நேரே வந்துதான் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

இறந்த அன்று காலை அந்தோணி அவரை விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், பெயரைப் பதிந்து, பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டப் போயிருக்கிறான். அதற்குள் ஒலிபெருக்கியில் மூன்று முறை பெயரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை உள்ளே அனுப்பிவிட்டார்கள். இவன் வந்து அக்காவின் நோயைச் சொல்லிக் கெஞ்சியதற்கு, "மென்டல் கேஸ்னா கூடவே இருக்கணும். கவனம் இல்லாம குந்திக்கினு இருந்தா நாங்க இன்னா பண்றது? கடைசில நில்லுங்க" என்றாராம் ஊழியர்.

கவனம் இல்லையாம். ஒவ்வொரு சத்தமும் மனிதனா இல்லையா என்று நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டே வேலை பார்த்தவர் அவர். அந்த ஊழியரை அரை நாள் அப்படி இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

"ஏங்கா எந்திரிக்கல?" என்று அந்தோணி கேட்டிருக்கிறான்.

"கேட்டுச்சுடா. எம்பேருதான். மூணு வாட்டி கேட்டுச்சு. ஆளைக் காணோம். மண்டித் தம்பிகிட்ட சத்தியம் பண்ணிக்கீறேன்ல."

வரிசையின் கடைசியிலேயே உயிர் போயிற்று. அடக்கத்துக்கு வந்தவர்கள், அவருக்கும் விடுதலை, வீட்டுக்கும் விடுதலை என்று பேசிக்கொண்டார்கள். அவர்களோடு உட்கார்ந்து காபி குடிக்க என்னால் முடியவில்லை.

அக்காவின் நினைவாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சத்தியம் ஒன்றுதான். அவர் அதைக் கடைசிவரை காப்பாற்றினார். நிஜ மனிதர்களும் முகத்தைக் காட்டாமல் கூப்பிடுவார்கள் என்று நான்தான் அவருக்குச் சொல்லவில்லை.