கடல் காற்றுக்கு எதிரே

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாடமோ விளையாட்டோ, இரண்டாவதாக வருவது எனக்கு ஆகாது. அந்த வருஷம் ரப்பர் வளையம் எறியும் ஆட்டத்துக்குச் சென்னைக்கு ஒரே ஒரு பெண்ணை அனுப்புவதாகச் சொன்னார்கள். கடைசிச் சுற்றில் நானும் என் வகுப்புப் பெண் ஒருத்தியும் மிஞ்சினோம்.

அவள் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து உத்தியோகஸ்தர். காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. டீச்சர்களிடம் பயமில்லாத பேச்சு. வகுப்பில் அவள் சிரித்தாலே எனக்கு எரியும். அவளுக்கு எல்லாம் தானாக வருகிறது, நான்தான் ஒவ்வொன்றுக்கும் பாடுபடுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் களத்தில் இரண்டு சவுக்குக் கழி நட்டுக் கயிறு கட்டினேன். விடிந்ததும் தங்கையை எதிரில் நிறுத்திப் பழகுவேன். உயரமாக வீசி, எதிராளிக்குப் பின்னால் மூலையில் இறக்குவது என் ஆட்டம். நான் சென்னை போகப்போவதாக அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் தடுக்கவில்லை.

போட்டி பள்ளி விட்ட பிறகு, கடலை ஒட்டிய மைதானத்தில். பூவா தலையாவில் அவள் ஜெயித்தாள். பூவரச நிழல் இருந்த கடல் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு, வெயிலில் போய்க் கடலைப் பார்த்து நின்றாள். அசடு என்று நினைத்தேன்.

என் முதல் வளையத்தைக் காற்று தூக்கிப்போய்க் கோட்டுக்கு வெளியே போட்டது. அடுத்ததையும் அப்படியே. மெதுவாக எறிந்தால் வலை தாண்டவில்லை. அவளோ வலையை உரசுகிற மாதிரித் தாழ்வாக எறிந்தாள். பக்கம் மாறியதும் சரியாகும் என்றிருந்தேன். மாறினோம், இப்போது என் வளையங்கள் காற்றில் தயங்கி என் பக்கமே விழுந்தன.

தோற்றதும், காற்று உனக்கு உதவியது என்றேன்.

"காத்து தினமும்தான் அடிக்குது. நான் சாயங்காலம் இங்கயே எறிஞ்சி பாத்துக்கினு இருந்தேன். நீ ஒருநாளும் வரலியேடி?"

கடல் காற்று எனக்குத் தெரியாததல்ல. விடியற்காலையில் அது இருக்காது, அவ்வளவுதான். அவளுடைய ஷூவைக் குறை சொல்லலாம், அப்பாவைச் சொல்லலாம். உழைப்பை என்ன சொல்வது? அதுதான் அதிகம் எரிந்தது.

மறுநாள் என் பெஞ்சுக்கே வந்தாள். சென்னையில் மைதானம் கடலுக்கு ரொம்பத் தள்ளி இருக்கிறதாம், காற்றே இருக்காதாம். யாரையோ கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள்.

"அங்க உன்ன மாதிரி ஒசரமா போடறவங்க வந்தா எனக்குப் புடிக்க வராது. காலையில உங்க களத்துக்கு வரேன், எறியறியா?"

காற்றில்லாத மைதானம். என் ஆட்டத்துக்கென்றே போட்டதுபோல. வா என்றேன். உதவ அல்ல, அவள் ஒன்றையாவது தவறவிடுவதைப் பார்க்க.

முதலில் எல்லாவற்றையும் விட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது. அவள் ரயிலேறும் நாள் காலையில், மூலையில் இறங்கிய வளையத்தை ஓடிப் பிடித்துவிட்டு, "இன்னொண்ணு போடு," என்றாள்.

உள்ள பலத்தையெல்லாம் திரட்டி எறிந்தேன். அதையும் பிடித்தாள்.