பாலாவி உப்பளத்தில் மழை: வெடிக்காத கலங்களைத் தேடி ஒரு பயணம்

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த ஒரு செப்டெம்பரில், நண்பர்கள் நுவரெலியாவுக்கும் அறுகம்பேக்கும் அறை பதிந்துகொண்டிருக்க, நான் புத்தளத்துக்குப் பக்கத்திலுள்ள பாலாவி உப்பளத்துக்குப் போனேன். காரணம் என் தொழில். கண்டியில் கல உயிரியல் படிப்பிக்கிறேன். கலம் என்றால் செல். அதைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வு எப்படி வடிவம் மாறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

உப்பளங்களின் சிவந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அல்கா, அதாவது ஒற்றைக் கலப் பாசி, வாழ்கிறது. மற்றத் தாவரக் கலங்களுக்கு இருக்கும் சுவர் இதற்கு இல்லை. மெல்லிய சவ்வு மட்டும்தான். வெயிலில் நீர் வற்றி உப்பு ஏறினால் கலம் சுருங்கும். நல்ல தண்ணீர் சேர்ந்தால் வீங்கி உருளும். ஆனால் சவ்வு ரப்பரைப் போல இழுபடாது. தறப்பாளைப் போல, மடித்து வைத்திருப்பதை விரித்தால்தான் அகலமாகும். கலத்துக்குள் சேமிப்பில் இருக்கும் சவ்வு வெளியே வந்து சேர்வதால்தான் அது வெடிக்காமல் வீங்குகிறது என்பது என் எண்ணம்.

ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல தண்ணீர் பட்டதும் பெரும்பாலானவை வெடித்துச் செத்தன. வருடக்கணக்காக ஒரே அளவு உப்பில் சொகுசாக வளர்ந்ததில் பழக்கம் விட்டுப்போயிற்றா, இல்லை என் எண்ணமே பிழையா? அந்த வருடக் கடைசியில் ஆராய்ச்சிக்கான உதவித்தொகை முடிகிறது. அதற்குள் பதில் கிடைக்காவிட்டால் வேலையை மூடிவைக்க வேண்டியதுதான்.

காலை ஐந்தரைக்குக் கண்டியில் பஸ் ஏறினேன். குருநாகலில் இறங்கி, பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, நிக்கவெரட்டிய வழியாகப் போகும் புத்தளம் பஸ்ஸைப் பிடித்தேன். மொத்தம் நூற்றிமுப்பது கிலோமீற்றர் அளவு. குருநாகலிலிருந்து அன்றைய கட்டணம் நூற்றுப் பதினெட்டு ரூபாய். பதினொரு மணிக்குப் புத்தளம். அனல். மடியில் வைத்துக் கொண்டுவந்த நுணுக்குக்காட்டிப் பெட்டியைக் கண்டு, பக்கத்து இருக்கைக்காரர் தையல் மெசினா என்று சிங்களத்தில் கேட்டார். விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டு ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

புத்தளத்திலிருந்து பாலாவி ஐந்து கிலோமீற்றர். ஓட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். ஓட்டியவர் பெயர் நௌபர், ஐம்பது வயதிருக்கும். இங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"மிஸ் எந்த ஊரு?"

"சொந்த ஊர் வவுனியா. இப்ப கண்டியில."

"நான் மன்னார். தொண்ணூறுல எங்கள வெளியேத்தினாங்க, அப்ப வந்த. புள்ளைகள் பொறந்து வளந்ததெல்லாம் இங்க, அதுகளுக்கு இதுதான் ஊரு." பிறகு, "உப்புக்குள்ள என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்றார். சொன்னேன். "உசிரா? இந்தத் தண்ணிலயா?" என்று திரும்பிப் பார்த்ததில் ஓட்டோ குழியில் விழுந்து எழும்பியது.

நான் தங்கியது ஜெஸீமா வீட்டில். எங்கள் துறையில் வேலைபார்க்கும் நண்பர் ஒருவருக்கு உறவு. அக்காவை இங்கே தாத்தா என்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதான ஜெஸீமாவை ஊரே ஜெஸீமா தாத்தா என்றது. கணவர் மௌத்தான பிறகு அவர் விட்டுப்போன உப்புப் பாத்திகளைத் தாத்தாவே நடத்துகிறார். புத்தளத்தில் லொட்ஜ் பதிந்திருக்கிறேன் என்றதற்கு, "பொம்புளப் புள்ள தனிய லொட்ஜில என்னத்துக்கு? அத வேணாண்டு சொல்லுங்க" என்று நுணுக்குக்காட்டியை வைக்கச் சாப்பாட்டு மேசையில் பாதியையும் எனக்கு ஒதுக்கித் தந்தார்.

உப்பளம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பக்கத்துக் கடல் களப்பிலிருந்து நீரை ஏற்றி, பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி வற்ற விடுகிறார்கள். கடைசிக்கு முந்திய பாத்தியில் நீர் செம்பருத்திச் சாறு போல் இருந்தது. அதுதான் நான் தேடி வந்த இடம். கடைசிப் பாத்தியில் உப்பு விளைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. இரண்டு நாளில் வாரத் தயார். போத்தலில் சிவப்பு நீரை மொண்டுகொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். இரண்டு நூல் போன்ற சவுக்குகளை அடித்தபடி, பேரிக்காய் வடிவில், செம்மஞ்சள் நிறத்தில் கலங்கள் நீந்தின. ஆய்வுகூடத்துக் கலங்களைவிடச் சுறுசுறுப்பு. ஓரத்தில் கிணற்றுத் தண்ணீர் ஒரு துளி விட்டேன். வீங்கின. உருண்டன. பிறகு ஒவ்வொன்றாக வெடித்தன. இன்னொரு தகடு, இன்னொரு துளி, அதே முடிவு. வளர்ப்பில் குற்றமில்லை, என் எண்ணத்தில்தான் பிழை என்று பட்டது. தாத்தா கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் பகல் முழுக்கப் புழுக்கம். மூன்று மணிக்கு மேல் தெற்கே வானம் கறுத்தது. இந்த மாதத்தில் இங்கே மழை அரிது. தாத்தா வாயில் முந்தானையை வைத்தபடி வானத்தைப் பார்த்தார்.

"அல்லாஹ்வே, இன்னும் ஒரு நாள் தந்தாக் காணுமே."

எனக்கோ உள்ளுக்குள் வேறொரு ஆசை. உண்மையான மழை உண்மையான பாத்தியில் விழும்போது கலங்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. போத்தல்களை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினேன். அவர் அஞ்சிய மழையை நான் வேண்டிக்கொண்டு ஓடினேன். வரப்பில் ஏறியதும் அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

வேலையாட்கள் நாலு பேர் மரப்பலகையால் உப்பை வாரிக் குவிக்கத் தொடங்கியிருந்தார்கள். நௌபர் நானாவும் ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்து இறங்கினார். முதல் துளிகள் விழுந்தன. என் கையில் திறந்த போத்தல்.

"மிஸ், அந்தக் கூடயப் புடிங்க!" என்று தாத்தா கத்தினார்.

முதல் நிமிடங்களின் மாதிரி இல்லாவிட்டால் என் பரிசோதனைக்குப் பெறுமதியில்லை. அது எனக்குத் தெரியும். பாத்தியில் கரைந்துகொண்டிருந்தது தாத்தாவின் பல வார உழைப்பு. போத்தலை வரப்பில் போட்டுவிட்டுக் கூடையைப் பிடித்தேன்.

மழை கொட்டியது. வரப்பு வழுக்கியது, இரண்டு முறை விழப் பார்த்தேன். மூன்றாம் கூடைக்கு, குறுக்கு வழியாகச் சிவப்புப் பாத்திக்குள் இறங்கி நடந்தேன். முழங்கால் அளவு தண்ணீர். நடுவில் நின்றுவிட்டேன். கெண்டைக்கால் குளிர்ந்தது. பாதம் சுட்டது. காலை மெல்லத் தூக்கினேன், மறுபடி இறக்கினேன். மேலே குளிர், கீழே பகல் வெயிலின் சூடு அப்படியே. மழைத் தண்ணீர் பாரமான உப்புத் தண்ணீரோடு கலக்காமல் அதன் மேலே படுத்திருந்தது.

"மிஸ்! என்ன நிண்டுட்டீங்க? கால்ல குத்திட்டா?"

"இல்ல தாத்தா, வாறன்!"

அரை மணிக்கு மேல் மழை அடித்தது. குவித்த உப்பைத் தென்னோலைக் கிடுகாலும் தறப்பாளாலும் மூடினோம். பாதிக்குக் கிட்ட மிச்சம். மற்றது பாத்தியிலேயே கரைந்து போயிற்று. வேலையாட்கள் தேநீர் குடிக்கப் போனார்கள். தாத்தா வரப்பில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் போய்ப் போத்தலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவரே அதைப் பார்த்தார்.

"எடுங்க மிஸ். அதுக்குத்தானே வந்த நீங்க."

மேல் நீரில் ஒரு போத்தல். பிறகு கண்ணாடிக் குழாயின் வாயைப் பெருவிரலால் அடைத்து அடியில் இறக்கி, விரலை எடுத்து அடி நீரையும் நடு நீரையும் தனித்தனியாக எடுத்தேன். வெளிச்சம் இருக்கும்போதே மேசையில் உட்கார்ந்துவிட்டேன். மேல் நீரில் கிழிந்த சவ்வுகள்தான் மிதந்தன. அடியில் நேற்றுப் பார்த்த அதே பேரிக்காய்கள். நடுவில், இரண்டு நீரும் மெல்லக் கலக்கத் தொடங்கிய இடத்தில், கலங்கள் நேற்றையதைவிடப் பருத்து உருண்டிருந்தன. ஒன்றும் வெடிக்கவில்லை. சவுக்கடித்து நீந்திக்கொண்டிருந்தன.

காலையில் ஒரு கிளாசில் பாத்தி நீரை ஊற்றி, அதன் மேல் கிணற்றுத் தண்ணீரைக் கரண்டியின் பின்பக்கத்தில் வழியவிட்டு மெதுவாகப் படியவைத்தேன். மணிக்கொரு தரம் நடுவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பத்து மணிக்குச் சற்றுப் பருமன். மதியம் முழு உருண்டை. உயிரோடு. முதல் நாள் நான் துளித் தண்ணீரைப் பட்டென்று விட்டது, இந்தக் கலங்கள் தங்கள் வாழ்க்கையில் ஒருபோதும் சந்திக்காத வேகம். சவ்வு உள்ளே இருந்தது. அதை வெளியே கொண்டுவர அவகாசம் கொடுக்காதது நான்.

தாத்தாவையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"யா அல்லாஹ், ஓடித் திரியுதே! இவ்வளவும் எங்கட பாத்தியிலயா இரிந்த?"

"ஓம் தாத்தா."

"உங்கட விசயம் சரி வந்திட்டா?"

சந்தோசத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தது. "வந்த மாதிரித்தான் கிடக்கு. நேற்றைய மழையாலதான் பிடிபட்டது."

சற்று நேரம் நுணுக்குக்காட்டியிலேயே கண்ணை வைத்திருந்தார். "அப்ப அந்த மழ ஒராளுக்காவது நல்லது செஞ்சிரிக்கி," என்றார். சிரித்தார். ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. பாத்தி திரும்ப விளைய வேண்டும், அதற்குள் இன்னொரு மழை வரக்கூடாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் மிச்சமிருந்ததால் நௌபர் நானாவோடு கண்டக்குழிக்குப் போனேன். டொல்பின் பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடல் கொந்தளிப்பு, படகுகள் எல்லாம் கரையில். காற்றும் மணலும் வாய்க்குள் போனதுதான் மிச்சம்.

கண்டிக்குத் திரும்பி, ஆய்வுகூடத்துக் கலங்களுக்கும் அதே போல மெதுவாகத் தண்ணீர் ஊட்டினேன். அவையும் தாங்கின. பழக்கம் விட்டுப்போகவில்லை. சவ்வு போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவள், அது எவ்வளவு விரைவாக வெளியே வரும் என்று கேட்கத் தொடங்கினேன். அந்தக் கேள்விக்கு உதவித்தொகை நீடித்தது. ஒக்டோபர் மழைக்கு முந்திய வாரம் தாத்தா தொலைபேசியில் பேசினார். பாத்தி விளைந்து, வாரி, விற்றும் முடிந்துவிட்டதாம். "இந்தத் தரம் நல்லாப் பட்டிச்சி மிஸ்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு முழுச் சந்தோசம்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஓகஸ்ட், செப்டெம்பர் நல்ல காலம், பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையும் போகலாம். கொழும்பிலிருந்து என்றால் சிலாபம், முந்தல் வழியாக வரும் பஸ்ஸில் பாலாவிச் சந்தியிலேயே இறங்கலாம், புத்தளம் வரை போக வேண்டாம். கண்டக்குழியில் டொல்பினுக்கு நவம்பருக்குப் பிறகு போங்கள். உப்பளங்கள் ஆட்களின் சொந்த நிலம், கேட்டுவிட்டு இறங்குங்கள். தொப்பி, குடிநீர், கட்டாயம் கறுப்புக் கண்ணாடி. காலில் காயம் இருந்தால் பாத்திக்குள் வைக்க வேண்டாம், உயிர் போகும் எரிவு. நீங்கள் நிற்கும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தால் கமெராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கூடை எங்கே என்று கேளுங்கள்.