வலது பக்கத்துப் பெட்டிகள்

டிவி கடையில், ஸ்பீக்கர்களோடு மாட்டுகிற ரிசீவரை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள காத்துதான் இருக்கு" என்று கீழே வைத்தார் முத்திரை சார். விற்பனையாளர் வாயைத் திறப்பதற்குள் பையிலிருந்து தொங்கு தராசு வெளியே வந்துவிட்டது. கொக்கியில் துணிப்பையை மாட்டி, அதற்குள் ரிசீவரை இறக்கி, முள் நின்ற இடத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். அட்டைப்பெட்டியில் போட்டிருந்த எடையைவிடக் கால் கிலோ குறைவு. ரிமோட்டையும் வயரையும் சேர்த்துப் போட்ட எடை அது என்று விற்பனையாளர் சொல்ல, அவற்றையும் பையில் போடச் சொன்னார். எடை சரியாக வந்தது. சரியாக வந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். பெயரும் அதனால் வந்தது. தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், வயிற்றைக் குடைந்து அரக்கு அடைத்த எடைக்கல் என்று இருபத்தாறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, எந்தப் பொருளுக்கும் அடியில் ஏதோ ஒன்று ஒட்டியிருக்கும் என்பது மனிதருக்கு ஊறிப்போய்விட்டது. மருந்துக்கடையிலேயே நின்று மாத்திரையை எண்ணுவார். முடி வெட்டிக்கொள்ளும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கமாட்டார், கத்திரியைத்தான் பார்ப்பார். மனைவி தையல் டீச்சர். அவள் தைத்துக் கொடுத்த சட்டைக்கே பொத்தானை இழுத்துப் பார்த்துத்தான் போடுவார் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்!

ரிசீவர் ஆசை வந்தது டிவியால். படத்தில் யார் பேசினாலும் வாய்க்குள் முனகுகிறார்கள் என்பது அவர் புகார். அறையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர் பெட்டி வைத்து, அந்த ஐந்துக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற ரிசீவர் ஒன்றையும் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தார். அந்த முடிவு மூன்று மாதமாகக் கடை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, டீச்சரும் கூடவே ஏறி இறங்குகிறாள்.

ஒவ்வொரு கடையிலும் இதே கூத்துதான். ரிசீவரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துத் திருகாணிகளில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுவார். இருந்தால் யாரோ திறந்து பார்த்த பழைய சரக்கு. பிறகு, பின்னால் பொடி எழுத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று போட்டிருப்பதைப் படித்து, முன்னால் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிடுவார். "சுவத்துல இருந்து உள்ள போறது முந்நூறு வாட்டு. வெளிய வர்றது ஆயிரம் வாட்டா? நடுவுல யாருய்யா குட்டி போடுறது?" இதைக் கேட்டதும் எந்தக் கடைக்காரரும் பேச்சை விலைக்குத் திருப்பிவிடுவார். நியாயமான கேள்விதானே!

இதையெல்லாம் தாண்டி வந்த ரிசீவருக்குத்தான் கடைசிச் சோதனை. கண் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு நடுவில் உட்காருவார். சோதனைச் சத்தத்தை ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றவிடச் சொல்லி, எங்கிருந்து வருகிறதோ அங்கே விரலை நீட்டுவார். முதல் கடையிலிருந்து வெளியே வந்ததும் அவர் சொன்னது: "வலது பக்கத்துப் பெட்டி ரெண்டும் பொம்மை. மொத்தச் சத்தமும் இடது பக்கத்துல இருந்துதான் வருது. சும்மா மாட்டி வச்சிருக்கான், திருட்டுப்பய." டீச்சர் நம்பினாள். இரண்டாவது கடையிலும் அதுவே நடந்தபோது அவரோடு சேர்ந்து கடைக்காரனைத் திட்டவும் செய்தாள். மூன்றாவது கடையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலது பக்கம் கணீரென்று கேட்டது. அவர் விரல் இடது பக்கம் நீண்டது.

அன்றிலிருந்து சந்தேகம் அவளைப் பிடித்துக்கொண்டது. கடைக்காரர்கள் மேல் அல்ல, அவர் மேல். அவர் போனை எப்போதும் இடது காதில்தான் வைக்கிறார். ஒருநாள் இடது கையில் சோப்பு நுரை என்று வலது காதில் வைத்தவர், லைனே இல்லை, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று கத்திவிட்டுத் துண்டித்தார். காலையில் அவர் இடது கன்னத்தைத் தலையணையில் அழுத்திப் படுத்திருக்கும்போது, தலைமாட்டில் அலாரம் அலறி ஓய்கிறது. அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். போன வாரம் ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து போனபோது, வலது பக்கம் ஒரு லாரி மூன்று முறை ஹாரன் அடித்தது. அவர் அந்தப் பக்கமே வண்டியைத் திருப்பினார். லாரி உரசிக்கொண்டு போனதில் அவள் முழங்காலில் தோல் உரிந்தது. "ஹாரன் இடது பக்கம் கேக்குது, இவன் வலது பக்கம் வந்து உரசுறான் பாத்தியா!" என்றார். தினமும் அதே சாலையில், அதே ஸ்கூட்டரில்தான் அவர் வேலைக்குப் போகிறார்.

காது டாக்டரிடம் போகலாம் என்று மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தாள். சுள்ளென்று வந்தது பதில். "வாசல்லயே காது மிஷின் விக்கிறான். அவன்கிட்டயே போய் என் காது நல்லாருக்கான்னு கேக்கணுமா?" வாதத்தில் அவரை யார் ஜெயிப்பது? டாக்டர் சொன்னால் வியாபாரம், மனைவி சொன்னால் டாக்டரோடு கூட்டு. தன் கையால் தானே செய்த சோதனையைத் தவிர வேறு எதையும் அவர் நம்பப் போவதில்லை என்று டீச்சருக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் ஸ்கூட்டர் சத்தம் வாசலில் கேட்கிறவரை அவள் தையலில் ஊசி நேராகப் போவதில்லை.

இந்த நான்காவது கடையில் எடை சரி, திருகாணி சரி. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் சுற்றியது. விரல் இடது பக்கம் போய் அங்கேயே நின்றது. கண்ணைத் திறந்தவர், பெட்டிகளை இடம் மாற்றச் சொன்னார். அது அவர் தொழில் முறை. தட்டுகளில் இருக்கிற எடைக்கற்களை மாற்றிப் போட்டால், குறை கல்லோடு சேர்ந்து போனால் கல் பொய், அதே பக்கத்தில் நின்றுவிட்டால் தராசு பொய். விற்பனையாளர் பாவம், மூச்சு வாங்க வலதை இடதாகவும் இடதை வலதாகவும் மாற்றி வைத்தார். மறுபடியும் விரல் இடது பக்கமே போயிற்று.

"அப்போ பெட்டியில குத்தம் இல்ல. ரிசீவர்தான் ஒரு பக்கம் ஊமை" என்று எழுந்தார்.

டீச்சர் எழவில்லை. "இன்னும் ஒண்ணு மாத்தலையேங்க" என்றாள். "நாற்காலிய மாத்தலையே. திரும்பி உக்காந்து பாருங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார், தட்டைத் தூக்கி அடியில் தடவுகிற பார்வை அது. ஆனால் சோதனை என்று வந்தால் தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை அவர். நாற்காலியைத் திருப்பி, டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் முதலில், இவ்வளவு நேரமும் அவர் ஊமை என்று சொல்லிக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து வந்தது. விரல் சட்டென்று அதைக் காட்டிற்று. பிறகு எதிர்ப்பக்கம் போயிற்று. விரல் நகரவில்லை.

கண்ணைத் திறந்தார். தன் விரல் எந்தப் பெட்டியைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். இந்த முறை கண்ணை மூடவில்லை. வலது கைப் பக்கத்துப் பெட்டி மேல், சத்தம் வருவதைக் காட்டுகிற சின்ன விளக்கு எரிந்தது, அணைந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ரெண்டு பக்கமும் வேலை செய்யுதுல்ல சார்? பேக் பண்ணிடவா?" என்றார் விற்பனையாளர், ஒன்றும் புரியாமல்.

முத்திரை சார் தராசை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். டீச்சரும் எழுந்து அவர் பின்னாலேயே வந்தாள். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை, அழுகைதான் வந்தது. படியிறங்கி ஸ்கூட்டர் நிறுத்திய இடத்துக்கு இருவரும் வந்தார்கள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். பிரேக்கைத் தேய்த்துவிடுவாள் என்று, கல்யாணமான நாளிலிருந்து அவர் கொடுத்ததில்லை. சாவியைத் துவாரத்தில் பாதி நுழைத்தவர் நிறுத்தினார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தன் கையாலேயே மடக்கி மூடிவிட்டு, பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்.