கல்லில் ஏறவிருந்த வாக்கியம்

அத்தானை அடக்கம் செய்த அன்று போதகர் சொன்ன ஒரு வாக்கியத்தை அக்கா பிடித்துக்கொண்டாள். "தாமதமாய் வருகிறவர்களுக்காக வாசல் விளக்கை எரியவிட்டுத் தூங்கப்போனவர் இவர்." பட்டினப்பாக்கத்துக் கடற்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். அழுகிறபோதே, இது தமிழில் பிறந்த வாக்கியம் இல்லையே என்று காது முணுமுணுத்தது.

என் காது அப்படி. கவிதையும் ஆகாமல் கதையும் ஆகாமல் நடுவில் எதையோ எழுதிக்கொண்டு அலைகிறவன் நான். ஒரு வாக்கியம் இரவல் செருப்பில் நடந்தால் சத்தம் கேட்டுவிடும்.

தவிர, அந்த வீட்டில் வாசல் விளக்கு என்று ஒன்று கிடையாது. மந்தைவெளியில் மூன்றாம் மாடி ஃப்ளாட். படிக்கட்டு பல்பு அசோசியேஷன் பொறுப்பு, பாதி நாள் ஃப்யூஸ். அத்தானோ அறை அறையாகப் போய் ஸ்விட்சைத் தட்டிவிட்டு வருகிற மனுஷர். நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே அணைத்துவிட்டு, "நீ இங்கயா இருக்கே? பார்க்கலையே" என்பார்.

வருஷம் திரும்பப் போகிற சமயம். எங்களில், முதல் நினைவு நாளுக்குள் கல் வைத்துப் போதகரைக் கொண்டு பிரதிஷ்டை செய்துவிட வேண்டும். பெயருக்குக் கீழே ஒரு வேத வசனம் போடுவது வழக்கம். அக்கா வேண்டாம் என்றாள்.

"வசனம் எல்லார் கல்லுலயும்தான் இருக்கு. அன்னிக்கு பாஸ்டர் சொன்னாரே, அதைப் போடச் சொல்லு. அது அத்தானுக்காகவே சொன்னது."

அத்தானுக்காகவே. அந்தச் சொல் எனக்குள் சுரண்டிக்கொண்டே கிடந்தது. காகிதத்தில் இருந்தால் கிழிக்கலாம், கல்லில் ஏறியதை என்ன செய்ய?

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அத்தானின் அடக்கத்துக்குக் கொஞ்ச காலம் முன்புதான் சபையார் ஒருவர் தம் பழைய கம்ப்யூட்டரைப் போதகர் வீட்டில் வைத்து இன்டர்நெட் இணைப்பும் வாங்கிக் கொடுத்திருந்தார். புதன்கிழமை வேதபாட வகுப்பில் பிரின்ட் அவுட்டுகள் முளைத்தன. பவுலின் கடற்பயணம் கலர் வரைபடமாக வந்தது. நீல மை தீர்ந்துபோய் மத்தியதரைக் கடல் பாதி வெள்ளையாகக் கிடந்தது.

"இனிமே அந்தத் தலகாணி புஸ்தகத்தையெல்லாம் புரட்ட வேண்டாம் தம்பி," என்றார் போதகர். "ஆடுன்னு தட்டினா வேதத்துல இருக்கற அத்தனை ஆடும் வந்து நிக்கும்."

"ஓநாய் வருமா பாஸ்டர்?"

"அதையும் தட்டினா வரும்!" என்று சிரித்தார். குத்தல் அவருக்கு எட்டவில்லை. எட்டவில்லையா, எட்டாத மாதிரி இருந்தாரா? அதுவரை அவர் பிரசங்கம் திக்கும், தும்மும், வழியில் தொலைந்து வேறு தெரு வழியாக வீடு வந்து சேரும். இப்போதோ இஸ்திரி போட்ட சட்டைபோல மடிப்புக் கலையாமல் வந்தது. சட்டை நல்ல சட்டைதான். யாருடையது?

அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே ஏசிக் குளிர், பிளைவுட் தடுப்புகள். கவுன்டரில் இருந்த அம்மா நிமிரவில்லை.

"சாட்டிங்கா சார், மெயிலா?"

"பைபிள்."

இப்போது நிமிர்ந்தார். நான் உலகத்தைப் பார்க்கிற அதே சந்தேகப் பார்வையில் என்னைப் பார்த்தார். "அதுக்கு ஹெட்ஃபோன் வேணுமா?"

பக்கங்கள் மேலிருந்து கீழாக, வரி வரியாக, மனசில்லாமல் இறங்கின. எபிரெயம், கிரேக்கம், ஊர்ப் படங்கள், என்றோ செத்துப்போன கனவான்களின் விளக்கவுரைகள். விளக்கு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டினேன். கன்னிகைகள் ஏந்தியது, மரக்காலின் கீழ் மறைத்தது, காலுக்கு வெளிச்சமானது என்று வேதத்து விளக்குகள் மொத்தமும் ஒரே மூச்சில் திரையில் ஏறின. நெஞ்சு துள்ளியது, மறைப்பதற்கில்லை. உடனே பயமும் வந்தது. இவ்வளவையும் இங்கே கொண்டுவந்து கொட்டியது யார், எந்தச் சபை, எந்த ஊர்? கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் முகம் இல்லை.

இன்னும் உள்ளே, பிரசங்கம் செய்கிறவர்களுக்கென்று தனிப் பகுதி. சொல்லத்தக்க கதைகள் சமயவாரியாக: ஞானஸ்நானம், திருமணம், அறுப்புப் பண்டிகை, அடக்கம். அடக்கத்துக்குள்ளும் பிரிவு வைத்திருந்தார்கள். தாய், குழந்தை, போர்வீரன், முதியவர்.

முதியவரில் இருந்தது வாசல் விளக்கு. யாரோ ஓர் அமெரிக்கக் குடியானவருடையது. அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு அடியில், இறந்தவரின் பெயரை இங்கே சேர்க்கவும் என்று சிறிய ஆங்கில எழுத்து.

முதலில் வந்தது ஜெயித்துவிட்ட குஷி. அக்காவின் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பிரின்ட் எடுத்துக்கொண்டு மந்தைவெளி போனேன். அக்கா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். "கை ஈரம், நீயே படி" என்றாள். படித்து, தமிழிலும் சொன்னேன். அவள் விரல்கள் நிற்கவில்லை. தலை, குடல், தலை, குடல். முடித்துக் கையைக் கழுவித் துடைத்தாள்.

"அந்தக் கோடு எங்கே?"

காட்டினேன். அதன்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாங்க இதை?"

"உலகம் பூரா சொல்லியிருப்பாங்க."

"கல்யாணத்துல சொல்ற வார்த்தையும் உலகம் பூரா ஒண்ணுதானே. எனக்கும் அத்தானுக்கும் சொன்னப்போ, இது ஏற்கெனவே வேற ஜோடிக்குச் சொன்னதுன்னு நீ எழும்பி நின்னியா?"

"அது வேற அக்கா. இது பொய். அத்தான் எந்த விளக்கை எரியவிட்டாரு?"

"முப்பது வருஷம் இருட்டுல சுவத்தைத் தடவிக்கிட்டு நடந்தவ நான். எனக்கா தெரியாது? ஒரு நாளாச்சும் எரியவிட்டிருக்கலாம் அந்த மனுஷன்." தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகினாள். "கல்லுலயாவது எரியட்டும். போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். கல் வெட்டுகிறவர், "சோக்கா கீது சார்," என்று உளியை எடுத்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் காவல் காத்தேன், பிழையில்லாத பொய்யாவது இருக்கட்டும் என்று.

பிரதிஷ்டை அன்று போதகர் வெள்ளை அங்கியில் வந்தார். ஜெபம் முடிந்தது. கல்லுக்குக் குனிந்து பெயரை வாசித்தார், தேதிகளை வாசித்தார், அதற்குக் கீழே வாசித்து நின்றார். கண்ணாடியைத் தூக்கி மறுபடி, மெதுவாக வாசித்தார். இப்போது மாட்டினார் என்று காத்திருந்தேன்.

"எவ்வளவு ஆழமான வார்த்தை," என்றார். "தம்பி, நீங்க எழுதினதா?"

அவர் முகத்தைத் துருவினேன். கள்ளம் இல்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "ஆமா பாஸ்டர். தம்பிதான்."

"நினைச்சேன். அடுத்து எங்கயாச்சும் அடக்கத்துல இதை நான் எடுத்துக்கலாமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேறென்ன சொல்ல?

திரும்பும்போது ஆட்டோவில், "கேட்டுட்டுல்ல எடுக்கறாரு, நல்ல மனுஷன்," என்றாள். குத்தலா, மெய்யாகத்தானா? அவள் முகம் கடல் பக்கம் திரும்பியிருந்தது.