மூன்று கிலோ வைக்கோல்

எனக்குப் பேய், பிசாசு, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நம்பிக்கை எல்லாம் எடையில்தான். திண்டிவனத்தில் எங்கள் அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூட்டையைத் தோளில் வாங்கினாலே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன், அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அதற்கு மேல் தப்பாது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துவிட்டே கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தேன், அப்பாவுக்கு அதில் ஏகக் கடுப்பு, அது வேறு கதை. இரண்டாம் வருஷம் எங்கள் வகுப்பு மரக்காணம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் ஒரு மாதம் தங்கி, அந்த ஜனங்களோடு சேர்ந்து மணலிலேயே ஒரு நாடகம் போட்டது. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனின் கதை. நடிப்பதில் நாங்கள் பாதிப் பேர், அவர்கள் பாதிப் பேர். கடைசியில் பிணம் கரை ஒதுங்கும், பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள், நான்கு பேர் அதைத் தோளில் தூக்கிக் கூட்டத்தைச் சுற்றிவந்து ஒரு படகுக்குப் பின்னால் மறைய வேண்டும்.

பிணமாகப் படுக்க எங்கள் வகுப்பில் ஒருவன் தயாராகத்தான் இருந்தான். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "உசுரோட இருக்கறவன படுக்க வச்சிப் பாட மாட்டோம் தம்பி, அது ஆவாது" என்று அஞ்சலை அக்கா சொல்லிவிட்டாள். ஒப்பாரியில் முன்னால் பாடுகிறவள் அவள்தான், குப்பத்திலேயே நல்ல குரல். சரி என்று வைக்கோலை ஆள் நீளத்துக்கு வேட்டியில் சுற்றிக் கட்டினேன். சாமான்கள் என் பொறுப்பு. அந்த வைக்கோல் கட்டை ஒத்திகை முடிந்ததும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கே போயிருக்கிறேன். மூன்று கிலோ, கொஞ்சம் கூட இருக்கலாம்.

அஞ்சலை அக்காவின் புருஷன் ஏழுமலை மூன்று வருஷம் முன்பு கட்டுமரத்தில் தனியாகப் போனவர். கட்டுமரம் கரைக்கு வந்தது, அவர் வரவில்லை. ஊரே காரியம் பண்ணச் சொல்லியும் அவள் தாலியைக் கழற்றவில்லை. "பொணத்த காட்டுங்க, கழட்டறேன்" என்று ஒரே பேச்சு. அப்படிப்பட்டவளைப் போய் ஒப்பாரி பாடக் கூப்பிட்டோமே என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது எங்களுக்கு நாடகம் நன்றாக வர வேண்டும், அவ்வளவுதான்.

விளக்கு வசதி இல்லாததால் சாயங்காலம் ஐந்து மணிக்கே ஆரம்பித்தோம். அதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். கட்டு வெறும் துணி மூட்டையாகத் தெரிகிறதே, ஒரு பழைய சட்டை கிடைக்குமா என்று அஞ்சலை அக்காவிடம் கேட்டேன். யோசிக்காமல் கேட்டுவிட்டேன். அவள் உள்ளே போய் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். யாருடையது என்று நான் கேட்கவில்லை.

ஒப்பாரியில் கதையில் வருகிற பெயரைத்தான் பாட வேண்டும். அன்று அவள் ஏழுமலை பெயரைச் சொல்லிப் பாடினாள். முன்னால் நானும் என் வகுப்புத் தோழன் கோபியும், பின்னால் ஏழுமலையின் தம்பி தேசிங்கு அண்ணனும் இன்னொருவரும் குனிந்து கட்டைத் தூக்கினோம். எழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கி ஒருவழியாகத் தோளில் ஏற்றினோம். நம்பினால் நம்புங்கள், என் பங்குக்கு மட்டும் பதினாறு கிலோவுக்குக் குறையாது, நான்கு பேருக்குக் கூட்டிப் பாருங்கள். மணலில் கால் கணுக்கால் வரை இறங்கியது. சுற்றி முடிப்பதற்குள் கோபிக்கு அழுகையே வந்துவிட்டது.

படகுக்குப் பின்னால் இறக்கி வைத்து அவிழ்த்தோம். வைக்கோல்தான். தேசிங்கு அண்ணன் கடலில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வந்து, "நீங்களும் தல முழுவிட்டுப் போங்க" என்றார். முழுகினோம். மறுநாள் அத்தனையையும் சட்டையோடு அள்ளிக்கொண்டு போய் எங்கள் மண்டித் தராசில் போட்டேன். மூன்று கிலோ நூறு கிராம்.

அதற்கு முன்னால், நாடகம் முடிந்த அன்றே, அஞ்சலை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீங்க தூக்கறப்ப பாத்தேன். கனமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எடை விஷயத்தில் எனக்குப் பொய் வராது. "ஆமாக்கா, ஆள் கனம் இருந்துச்சு" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டாள். அடுத்த வாரம் தாலியைக் கழற்றிவிட்டாள் என்று தேசிங்கு அண்ணன் வந்து சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லவே மாட்டேன். பதினோரு வருஷம் கழித்து, நான் அப்பாவின் மண்டியையே பார்த்துக்கொண்டிருந்த சமயம், தேசிங்கு அண்ணன் வந்து நின்றார். முகமே சரியில்லை. "எங்க அண்ணன் வந்துட்டாரு தம்பி. அந்தமான் பக்கம் மீன்புடி போட்டுல வேல செஞ்சிக்கினு இருந்தாராம். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாரு. அண்ணி ஊட்டுக்குள்ளயே சேக்கல."

உயிரோடு இருந்தவனின் பெண்டாட்டியை ஒரு வார்த்தையில் தாலி கழற்ற வைத்திருக்கிறேன். அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் அஞ்சலை அக்கா கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க."

"கனமா இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு."

"அப்ப அவர எடுத்துக்கினு போயிட்டீங்க. நான் பாடி அனுப்பிட்டேன். இப்ப வந்து குந்திக்கினு இருக்கறது யாருன்னு ஊட்டுல சேத்துக்கினவங்கள கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

கிளம்பும்போது தேசிங்கு வீட்டிலிருந்து ஏழுமலை வெளியே வந்தார். நரைத்த தலை, சாதாரண முகம், என்னைவிட உயரம். மரக்காணம் வரைக்கும் வருகிறேன் என்றார். ஏறிக்கொள்ளச் சொல்லி வண்டியைக் கிளப்பினேன். என் வண்டி பழசு, பின்னால் யார் உட்கார்ந்தாலும் நறுக்கென்று சத்தம் போட்டு அமுங்கும், என் ஆறு வயது மகள் ஏறினாலே அமுங்கும். அன்று அமுங்கவில்லை.

"ஏறிட்டீங்களா?" என்றேன்.

"ஏறிட்டேன் தம்பி, போலாம்" என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல்.

உடம்புக்கு முடியாத ஆளாக இருக்கும், மெலிந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மரக்காணம் போய்ச் சேருவதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். மூன்று தடவையும் உட்கார்ந்துதான் இருந்தார்.