ஜூம் இல்லாத கேமரா

இருபத்திரண்டு வருடம் கல்யாணங்களுக்குப் படம் எடுத்ததில் என் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. இனி கழுத்தில் எதையும் மாட்டக் கூடாது என்றார் டாக்டர். பெரிய கேமரா இரண்டையும் என் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டேன். மண்டபத்தில் சும்மா நின்று, "கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க" என்று சொல்வது மட்டும் என் வேலையாயிற்று.

அப்படிச் சில மாதங்கள் போன பிறகு, செல்போனில் ஒரு விற்பனை விளம்பரம் கண்ணில் பட்டது. சட்டைப்பையில் அடங்குகிற உயர்ரகச் சின்னக் கேமரா. ஒரே லென்ஸ், கழற்ற முடியாது, ஜூம் கிடையாது. புதிதாக வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. இது பழையது, ஏனாத்தூரில் இருந்தது.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டேன். விற்பவர் நாற்பது வயதுப் பெண். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர், அம்மா பக்கவாதத்தில் விழுந்ததும் ஊருக்கே வந்துவிட்டாராம்.

"ஊர் ஊரா சுத்தலாம்னு வாங்கினேன் சார். மகாபலிபுரம் வரைக்கும்தான் போச்சு. அதுக்குள்ள அம்மாவுக்கு இப்பிடி ஆயிடுச்சு."

ஜன்னலோரக் கட்டிலில் அந்த அம்மா சாய்ந்திருந்தார். சோதனைக்கு ஒரு படம் எடுக்கலாமா என்று மகளிடம் கேட்டேன்.

"அவங்களையே கேளுங்க. காது நல்லா கேக்குது. பேச்சுதான் சரியா வரல."

கேட்டேன். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டார்.

கேமராவைக் கண்ணருகே தூக்கியதும் என் விரல்கள் பழக்கத்தில் லென்ஸைத் திருகப் பார்த்தன. திருக ஒன்றுமில்லை. நான்கு எட்டு நடந்து கிட்டே போக வேண்டியிருந்தது. இத்தனை வருடமும் முகங்களை எட்ட நின்றே ஜூமில் இழுத்துக்கொண்டவன் நான். இங்கே அவர் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

எடுத்ததைக் காட்டினேன். அவர் குழறிக்குழறி ஏதோ சொன்னார்.

"கெழவியாட்டம் இருக்கேனாம்," என்று மகள் சிரித்தார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல அம்மாவ நான் ஒரு தடவகூட எடுக்கல சார்."

"அப்ப விக்க வேணாம்மா. யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்கிறதுக்கு நேரம் ஏது சார். பீரோவுலதான் கெடக்கும். நீங்க எடுத்துக்கினு போங்க. இந்தப் படத்த மட்டும் அனுப்பிடுங்க."

அன்று சாயங்காலமே அனுப்பினேன். மொட்டை மாடியில் வானத்தை எடுத்துப் பார்த்தபோது ஒரு மூலையில் கறுப்புப் புள்ளி தெரிந்தது. உள்ளே தூசி. இந்த மாதிரிக் கேமராவைப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். விற்ற பெண்ணிடம் போனில் சொன்னதும் அவர் பதறிப்போய், "திருப்பிக் குடுத்துடுங்க சார்," என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. மறுபடி அந்த ஆட்டோவில் ஏற உடம்பில் தெம்பில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் மேடையைக் கூட்டாளி பார்த்துக்கொண்டான். சாப்பாட்டுக்கூடத்தின் கோடியில் கல்யாணப் பெண்ணின் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். சின்னக் கேமராவை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். அவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தார்.

"போட்டோவா சார்?"

"வேணாம், உக்காருங்க."

"நீங்களும் உக்காருங்க. காலையிலேர்ந்து நின்னுக்கினே கீறீங்க."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பந்தி முடியும்வரை இருவரும் எழவில்லை.