ஸ்டொக் கார் பந்தயத்தின் மூன்று காலங்கள், தம்பி பிரித்தபடி

தம்பியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் கார் பந்தயம் வருகிறது. அச்சகத்தில் பக்கம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தம்பி கேட்டுக்கொண்டது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

தம்பி சாவகச்சேரியில் எங்கள் பெற்றோருக்குக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். நான் மூத்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெர்மனியில் கோப்பை கழுவி, கார் வேலை பழகி, லண்டன் வந்து நோர்பரியில் சொந்தக் கராஜ் போட்டவன். இன்றைக்கு மூன்று கராஜ். ஒருவரும் கைபிடித்து ஏற்றிவிடவில்லை. தம்பியை ஜெர்மனிக்கு எடுப்பித்ததும் நான், லண்டனுக்குக் கூட்டி வந்ததும் நான். கராஜில் வந்து சேரச் சொன்னேன். கேட்டால்தானே! மோர்டனில் குடியிருந்து, ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டினார். யாரையும் பார்த்துக் கோபமாக ஹோர்ன் அடித்து அறியாதவர். தூரத்தில் ஒரு கிழவி ஓடி வந்தாலும் பஸ்ஸை நிறுத்திக் காத்திருப்பார். அப்படிப்பட்ட மனிதருக்குக் கார்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளுகிற பந்தயம் எப்படித்தான் பிடித்ததோ!

ஞாயிற்றுக்கிழமைகளில் விம்பிள்டன் மைதானத்துக்கு, டென்னிஸ் அல்ல, கார் பந்தயம் நடக்கிற மைதானத்துக்கு, என்னையும் இழுத்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போது சண்டை. பந்தயத்தில் யார் வென்றது என்பதில் அல்ல, அந்தப் பந்தயத்தின் வரலாற்றை எங்கே எங்கே பிரிப்பது என்பதில். வீதியில் ஓடிய காரையே கண்ணாடி கழற்றி, முன்னும் பின்னும் இரும்புச் சட்டம் பொருத்தி ஓட்டியது முதலாம் காலம். பந்தயத்துக்கென்றே அடிச்சட்டம் செய்து, மேலே கார் மாதிரி ஒரு கூட்டைக் கவிழ்த்தது இரண்டாம் காலம். கூரையில் பெரிய இறக்கை ஏறியது மூன்றாம் காலம். இதுவரை எனக்கும் சம்மதம். ஆனால் மூன்றாம் காலம் விம்பிள்டன் மைதானத்தை ஒரேயடியாகப் பூட்டிய நாளோடு முடிந்துவிட்டது என்று நின்றார் பாருங்கள், அதுதான் எனக்கு ஏறவில்லை. நான் கார் திருத்துகிறவன். கார் மாறினால்தான் காலம் மாறும்.

“டேய், மற்ற ஊருகளிலை இப்பவும் ஓடுறாங்கள். பிறகு எப்பிடியடா முடிஞ்சுது?”

“ஓடட்டும் அண்ணை. நாங்கள் போறேல்லைத் தானே.”

“நீ போகாட்டிக் காலம் முடிஞ்சிடுமோ? நீ என்ன பெரிய ராசாவோ?”

“ராசா செத்தாத்தான் காலம் முடியும். எனக்கு மைதானத்தைப் பூட்டினாலே காணும்.”

இப்படி ஒரு மனிதரோடு எப்படிப் பேசுவது?

நோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் விடவில்லை. கோயில் திருநீறு கொண்டு வந்த மாமி ஒருவர் சுகம் விசாரிக்கப் போய், இரும்புச் சட்டத்தின் பயன் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வீடு போனார். கடைசியாகத் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணை, என்ரை கல்வெட்டிலை மூண்டு காலத்தையும் போடோணும். மூண்டாவது எங்கை முடியுதெண்டும் போடோணும். நீங்கள் மாத்திப் போடுவியள், எனக்குத் தெரியும்.”

“கல்வெட்டிலை தேவாரம் போடுறதோ, கார் போடுறதோ?”

“தேவாரம் எல்லாற்றை கல்வெட்டிலையும் இருக்கு.”

அவர் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். தம்பியின் மனைவி தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்: “அவர் சொன்னதைப் போடுறியளோ, நீங்கள் சொல்லுறதைப் போடுறியளோ?”

“சரியானதைப் போடுவன்” என்றேன்.

சும்மா சொல்லவில்லை. கண்ணால் கண்டுவிட்டே எழுதுவோம் என்று, லண்டனுக்கு வெளியே பந்தயம் நடக்கிற ஓர் ஊருக்குத் தனியாகக் காரை விட்டேன். அதே அடிச்சட்டம், அதே இறக்கை, அதே இடி. நான் சொன்னதுதான் சரி. ஒரு கார் வளைவில் வேலியோடு போய் ஏறியது. “பாத்தியோடா, எங்கை முடிஞ்சுது?” என்று பக்கம் திரும்பினேன். கையில் சிப்ஸோடு இருந்த வெள்ளைக்காரர் “ஸொறி?” என்றார். மிச்சப் பந்தயம் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஆகவே இதனால் அறியத் தருவது: ஸ்டொக் கார் பந்தயத்தின் மூன்றாம் காலம் விம்பிள்டன் மைதானம் பூட்டியதோடு முடிந்தது. பந்தயம் தெரிந்தவர்கள் பிழை என்பார்கள். எனக்கும் தெரியும். திருத்துகிறேன் என்று யாரும் எனக்குப் போன் எடுக்க வேண்டாம்.

தம்பியைப் பராமரித்த டாக்டர்கள், தாதிமார், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர்கள், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கட்டில் ஓரத்தில் இருந்து, ஒன்றும் விளங்காமலே தம்பி சொன்னதற்கெல்லாம் “ஓம், ஓம்” என்று தலையாட்டியவர்களுக்குத் தனி நன்றி. என்னால் அது ஒருநாளும் முடியவில்லை.

அண்ணை